நாய்த் தீனியில் சோளத்துக்கு என்ன வேலை

நான் வேலையிலிருந்து நின்ற அன்று எனக்கு மாலை போட்டார்கள், கேசரி கொடுத்தார்கள். அதெல்லாம் முடிந்த பிறகு பாக்கிங் பெண்கள் ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். வேறு ஏதோ கம்பெனியின் நாய்த் தீனி. பளபளப்பான தாளில், ‘ஃபில்லர் இல்லை, தானியம் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“யக்கா, அப்ப நாம இத்தன வருசமா சோளமும் குருணையும் போட்டது நாயை ஏமாத்துன வேலையா?” என்று ஒருத்தி கேட்டாள்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனாலும் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்குப் போகிற வேன் ஹாரன் அடித்ததால் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சுருக்கமாக எழுதுவது நிறையப் படித்தவர்களுக்குத்தான் வரும். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள், நீளமாகத்தான் எழுதுவேன்.

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. சிறு வயதில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினேன். பிறகு தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு அடியில் களிமண் அடைத்தேன். கல்யாணம் ஆனது. வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போனவர் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டார். கொஞ்ச நாள் அழுதேன். அப்புறம் திருப்பூர் போய்ப் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன். திரும்பி வந்து நூல் மில், விருதுநகரில் வத்தல் கிட்டங்கி, ஒரு ஓட்டலில் சட்டினி அரைக்கிற வேலை. அதுவரை எந்த இடத்திலும் இரண்டு தீபாவளிக்கு மேல் நான் போனஸ் வாங்கியதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு, செல்போன் எல்லோர் கைக்கும் வர ஆரம்பித்த சமயத்தில், சூலக்கரை தாண்டி ஒரு தகர ஷெட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். என்ன வேலை என்று கேட்டேன். “நாய்க்குச் சமைக்கணும்” என்றார்கள். மனுஷருக்குச் சமைத்துப் பட்ட திட்டு போதும் என்று உடனே சேர்ந்துவிட்டேன்.

முதலாளி காசிம் பாய். அவர் குடும்பமே தலைமுறையாகப் பருப்பு, பயறு வியாபாரம். ராஜபாளையம் பக்கம் வெள்ளை வேட்டை நாய்களை வளர்த்து விற்கிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் சீமைத் தீனிக்கு விலை கொடுக்க முடியாமல் திண்டாடுவதைப் பார்த்து, நாமே செய்து கொடுத்தால் என்ன என்று பாய்க்குத் தோன்றியிருக்கிறது. பாய் நாயைத் தொடமாட்டார். பக்கத்தில் வந்து முகர்ந்தால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். ஆனால் நாய்களைப் பற்றிப் பேசும்போது மரியாதை குறையாது. ‘சாப்பிடுறவுக’ என்றுதான் சொல்வார். லோடு போன மறுநாள் போன் போட்டு, “சாப்பிடுறவுக என்ன சொல்றாக?” என்பார். அந்தப் பக்கம் இருப்பவர் புரியாமல் விழிப்பார்.

செய்முறை இதுதான். மக்காச்சோளத்தைக் குருணையாக உடைக்க வேண்டும். அதோடு அரிசிக் குருணையும் கொஞ்சம் தவிடும் சேர்த்து, நீராவி ஓடுகிற பெரிய கொப்பரையில் கூழாகக் காய்ச்ச வேண்டும். இறக்கி, ஆறவிட்டு, தூத்துக்குடியிலிருந்து வரும் உப்பில்லாக் கருவாட்டுத் தூள், முட்டை, கடலை எண்ணெய் எல்லாம் போட்டுப் பிசைந்து, சேவு பிழிகிற மெஷினில் கொடுத்தால் தடித் தடியாக வரும். மெஷின், சாத்தூரில் ஒரு மிட்டாய்க்கடைக்காரர் வேண்டாம் என்று தள்ளியது. பிழிந்ததைத் துண்டு போட்டு, சூட்டறையில் நறுக்கென்று காயவைத்துப் பாக்கெட்டில் அடைப்போம்.

மூட்டை வந்து இறங்கினால் பாய் முதலில் கையை முழங்கை வரை உள்ளே விடுவார். உள்ளே சூடு இருந்தால் பூஞ்சை பிடிக்கப்போகிறது என்று அர்த்தம், லாரியைத் திருப்பிவிடுவார். அப்புறம் முகர்வார். அப்புறம் நாலு மணியை வாயில் போட்டுக் கடிப்பார். கடைசியாக ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு கைப்பிடி போட்டு, பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். தோலும் உமியும் மிதக்கும். மணி மூழ்கும். மண் இருந்தால் அதற்கும் அடியில் போய்ப் படியும். காய்ந்து வந்த தீனியிலும் தினம் ஒரு துண்டைக் காலை டீயோடு கடித்துத் தின்ற பிறகுதான் லோடு ஏற்றச் சொல்வார். “கருவாடும் முட்டையும்தானம்மா, நாம திங்காததா?” என்பார். எங்களையும் தின்னச் சொல்வார். உப்பு இல்லாத சேவு மாதிரி இருக்கும்.

ஃபில்லர் என்ற சொல்லை அவரிடம்தான் முதலில் கேட்டேன். எதற்காகப் போடுகிறோம் என்று சொல்ல முடியாத சாமான் எதுவோ அதுதான் ஃபில்லர் என்பார். சோளம் தெம்புக்கு. அரிசிக் குருணை சீக்கிரம் செரிக்கும், கூழையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். தவிடு அளவாக இருந்தால் கழிவு கட்டியாக வரும், கூடினால் உள்ளே போனதை எல்லாம் அள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். துவரைத் தோல் இருக்கிறதே, அது வயிற்றில் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா போய்விடும். பருப்பு மில்களில் தோல் மலை மாதிரி கிடந்தது. கேட்டால் கும்பிட்டுக் கொடுத்துவிடுவார்கள். பாய் ஒரு சாக்குகூட வாங்கியதில்லை.

பாக்கெட் அச்சடிக்க விஸ்வநத்தம் பக்கம் ஒரு பிரஸ்ஸுக்கு நானும் போனேன். ஆட்டுத் தொடை படம் போட்டால்தான் விற்கும் என்று பிரஸ்காரர் அடித்துச் சொன்னார். “மத்த கம்பெனில சோளத்தையே மூணு பேர்ல பிரிச்சுப் போடுறாக பாய். சோளம், சோள மாவு, சோளத் தவிடுன்னு. ஒவ்வொண்ணும் கொஞ்சமாத் தெரியும். சாமான் பட்டியல்ல கறி முன்னால வந்துரும்.”

“சாப்பிடுறவுக அதை வாசிக்கமாட்டாக” என்றார் பாய். “நம்மகிட்ட ஆடு இல்ல. மீனைப் போடுங்க.”

மீன் படம் போட்டு அடித்தோம். கடைக்காரர்கள் அதைக் கொண்டுபோய் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். ஒருவர் வாங்கித் தொட்டியிலேயே போட்டுவிட்டு, மீனெல்லாம் பயப்படுகிறது என்று சண்டைக்கு வந்தார். பாய் அன்று சிரித்த சிரிப்பில் இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஷெட்டில் ஒன்பது பெண்கள். ஒன்பது பேரும் பட்டாசு வேலை பார்த்தவர்கள். அதில் சோலையம்மா என்பவள் மட்டும் மருந்து கலக்கும் அறையில் வருஷக்கணக்கில் இருந்தவள். பக்கத்து அறை ஒருநாள் வெடித்தபோது இவள் வாசலோரம் நின்றதால் பிழைத்தாள். ஒரு காது கொஞ்சம் மந்தம், மற்றபடி ஒரு காயம் இல்லை. இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று எங்களிடம் வந்து சேர்ந்தாள். அவள் தெரு முனையில் பட்டாசுக் கம்பெனி வேன் தினமும் காலையில் வந்து நிற்கும். ஆள் பற்றாக்குறை. அவள் பெயரைச் சொல்லியே ஹாரன் அடிப்பான் டிரைவர். அவள் அதற்கு முந்தி வருகிற டவுன் பஸ்ஸில் ஏறி எங்களிடம் வந்துவிடுவாள்.

கூழ் காய்ச்ச மதுரைக்காரர் ஒருவர் இருந்தார். கோயம்புத்தூரில் ஏதோ பெரிய வேலை என்று ஒரு வாரம் போய்வருகிறேன் என்று போனவர் வரவே இல்லை. கை சுத்தம், கவனம் என்று பார்த்து, கொப்பரையை சோலையம்மாவிடம் பாய் கொடுத்தார். அவள் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. தரையில் ஒரு பொடி சிந்தாது.

கொஞ்ச நாளில் புகார் வர ஆரம்பித்தது. ராஜபாளையம் பக்கம் கோவிந்தன் என்பவர்தான் எங்களுக்குப் பெரிய கிராக்கி. அவர் பண்ணையில் எப்போதும் இருபது, முப்பது நாய் இருக்கும். போனில் அவர் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. “என்ன பாய் அனுப்புறீக? தீனியா, எருவா? தின்னுக்கிட்டே இருக்குதுக, விலா எலும்பு தெரியுது. பின்னால மலை மாதிரி போகுது. சோளத்தைக் கொட்டி ரொப்புறீகளா?”

அளவு மாறவில்லை, சரக்கு மாறவில்லை. பாய் டம்ளரில் போட்டுப் பார்த்தார், கடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு லோடு போனது, அதில் பாதி திரும்பி வந்தது. சாக்குகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்ற பாய் எங்களிடம் திரும்பி, “இன்னொரு தடவை இப்பிடி வந்தா நான் பழையபடி பருப்புக் கடைக்கே போயிருவேன்மா. உங்களை வச்சுச் சம்பளம் குடுக்க முடியாது. முன்னாடியே சொல்லிட்டேன், மனசுல வச்சுக்கோங்க” என்றார். குரல் உயரவில்லை. அதனாலேயே பயமாக இருந்தது.

எனக்கென்ன, வேறு ஊர், வேறு வேலை. ஆனால் அன்று பஸ்ஸில் சோலையம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். இறங்கும்போது, “வேன்காரன் நாளைக்கும் வருவான்லா, மதினி” என்று மட்டும் சொன்னாள்.

கோவிந்தன் சோளமே வேண்டாம், குருணையும் வேண்டாம், ஃபில்லர் இல்லாமல் வெறும் கருவாடும் முட்டையுமாக ஒரு தடவை செய்து அனுப்பச் சொன்னார். செய்தோம். மெஷினில் பிழிந்தால் பிடிக்கவில்லை, பொலபொலவென்று உதிர்ந்தது. அள்ளி அள்ளித் தட்டில் வைத்துக் காயவைத்து, தூளாகவே சாக்கில் கட்டி அனுப்பினோம். மறுநாள் போன். “பாய், எல்லாத்துக்கும் தண்ணி தண்ணியாப் போகுது. நானும் ரெண்டு ஆளும் காலைலருந்து கழுவிக்கிட்டே இருக்கோம். ஊரே கருவாட்டு வாடை. பக்கத்து வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திட்டாரு.”

பாய் போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். யாரும் சிரிக்கக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டிருந்தோம். அவரே முதலில் சிரித்துவிட்டார்.

சோளத்தை எடுத்தாலும் தப்பு, போட்டாலும் தப்பு என்றால் போட்டது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டியதுதான். நான் போகிறேன் என்றேன். பழைய தீனி ஒரு சாக்கோடு பஸ் ஏறினேன். கோவிந்தன் பண்ணையில் நாய்கள் ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி உயரம், ரோஜா நிற மூக்கு. விலா தெரிந்தது உண்மைதான். தீனி வைத்து, காத்திருந்து, மறுநாள் காலையில் ஒரு வாளித் தண்ணீரும் சல்லடையும் கேட்டேன். கோவிந்தன் மனைவி சல்லடை எதற்கு என்று கேட்டார். சொன்னேன். “புதுசு வாங்கிக் குடுத்துருங்க” என்று கொடுத்தார்.

கழிவைச் சல்லடையில் போட்டுக் கழுவினேன். கழுவக் கழுவ மஞ்சளாக நின்றது சோளம். போன மாதிரியே வெளியே வந்திருந்தது. ஒரு குருணையை நகத்தால் நசுக்கினேன். நடுவில் வெள்ளையாக, கல் மாதிரி. அரிசி ஒன்றுகூட இல்லை. அது செரித்துவிட்டது. கோவிந்தன் எட்டிப் பார்த்தார்.

“இது வேகலையேம்மா.”

“ஆமாண்ணே. அரிசி வெந்து எல்லாத்தையும் ஒட்டிப் பிடிச்சுருக்கு. காய்ஞ்ச பிறகு கடிச்சா எல்லாமே நறுக்குன்னுதான் இருக்கும். பாய்க்கு எப்படித் தெரியும்?”

அங்கிருந்தே, எங்கள் தீனியை அவ்வப்போது பார்த்துச் சொல்கிற கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். “வேகாத சோளத்தை நாய் வயிறு ஒண்ணும் செய்ய முடியாதும்மா. நல்லாக் குழைய வெந்தா அதுவே தெம்பு, வேகலைன்னா வெறும் ஃபில்லர்” என்றார். நீங்கள் கேட்டதற்குப் பதில் அன்றைக்கு அவர் சொன்னதுதான். அந்தப் பாக்கெட்டில் போட்டிருப்பது பாதி உண்மை. சரியாக வேகவைத்தவருக்குச் சோளம் தீனி, வைக்காதவருக்கு அடைசல்.

ஆனால் எங்கள் சோளம் ஏன் வேகவில்லை? அன்று சாயங்காலமே ஷெட்டுக்குத் திரும்பிப் பாயிடம் சொன்னேன். “நாளைக்கு நான் கொப்பரை பக்கத்துலயே உக்காருறேன்” என்றார்.

மறுநாள் ஒரு ஸ்டூலைப் போட்டு, டீ கிளாஸோடு உட்கார்ந்தார். அரைவை மெஷினில் சோளம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் ஒருத்தி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு ஏறியதும் நிறுத்தினாள். ஆறவிட்டாள். மறுபடி ஓட்டினாள். குருணை பெரிது பெரிதாகத்தான் வந்தது. கொப்பரையில் கூழ் ஏறியது. சோலையம்மா துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் முதல் கொப்புளம் ‘ளப்’ என்று வெடித்தது. அவள் கை நீராவிக் குழாயை மூடிவிட்டது.

ஷெட்டில் சத்தமே இல்லை. பாய் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாரும் ஏம்மா வாசலுக்குப் போயிட்டீக?”

அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. ஒன்பது பேரும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். ஒருத்தி கையில் சல்லடை, ஒருத்தி கையில் பாக்கெட் கட்டு. நானும்தான். களிமண் அடைக்கும் வேலையை விட்டு எத்தனையோ ஊர் சுற்றி வந்த பிறகும், கொப்புளச் சத்தத்துக்கு என் கால் வாசலுக்குப் போயிருக்கிறது. நடுவில் பாய் மட்டும் ஸ்டூலில், டீ கிளாஸோடு. சோலையம்மா எங்கள் எல்லோருக்கும் முன்னால், படியிலேயே நின்றாள்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. ஒருத்தி வாசப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பட்டாசுக் கம்பெனில சூடு ஏறுனா ஓடணும்னு சொல்லிச் சொல்லி வளத்துட்டாக பாய்!” என்றாள். “கூழுக்கும் ஓடுறோம்!”

“என்னைய மட்டும் உள்ள விட்டுட்டு ஓடுறீகளே, நியாயமா?” என்றார் பாய்.

சோலையம்மா மட்டும் சிரிக்கவில்லை. “நாந்தான் மூடுனேனா?” என்று கேட்டாள். “எனக்குத் தெரியவே இல்லையே பாய். கை தானாப் போகுது. என்னைய பாக்கிங்ல போட்டுருங்க.”

பாய் எழுந்து வாசலுக்கு வரவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார். “பாக்கிங்ல போட்டா வேற யாரு இங்கன நிப்பா? அவுகளும் வாசலுக்குத்தான ஓடுவாக. நீங்க வந்து இந்தக் குழாயைத் தெறந்துவிடுங்க. நான் இங்கனயே உக்காந்துருக்கேன். வெடிச்சா என் டீயும் போகும்.”

அவள் போனாள். திறந்தாள். கூழ் ஏறிக் கொதிக்கும்போது அவள் துடுப்பை விடாமல் கிண்டினாள். நாங்கள் வாசலில் இருந்து ஒவ்வொருத்தியாக உள்ளே நகர்ந்தோம். கொப்புளம் ளப் ளப் என்று போட்டுக்கொண்டே இருந்தது. மதுரைக்காரர் போனதிலிருந்துதான் சோளம் வேகவில்லை என்று எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லையே என்று நினைத்தேன். அவர் வெடிமருந்து பார்க்காத ஆள். அவருக்குக் கொதி என்றால் வெறும் கொதி. கூழ் கெட்டியாகி, துடுப்பு நிமிர்ந்து நிற்கும்வரை பாய் ஸ்டூலை விட்டு எழவில்லை. ஒரு குருணையை எடுத்து அவள் நகத்தால் நசுக்கினாள். மாவாக வழிந்தது.

முதல் நாலைந்து தடவை யாராவது ஒருத்தி அவள் கூட நின்று வாயடித்துக்கொண்டிருப்போம். பேசிக்கொண்டிருந்தால் கை குழாய்க்குப் போகாது. அரைவை மெஷினுக்கும் அதே வைத்தியம்தான். நன்றாக வெந்த சோளத்தோடு அடுத்த லோடு போனது. பாய் போன் போட்டு, “சாப்பிடுறவுக என்ன சொல்றாக?” என்று கேட்டதற்கு, கோவிந்தன் நேரில் வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த ஒரு வாரம் வண்டிச் சத்தம் கேட்டால் எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

ஒரு மத்தியானம் ஜீப் வந்து நின்றது. கோவிந்தன் இறங்கினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“பாய், முன்ன மாதிரி அம்புட்டு லோடு வேண்டாம். பாதி போதும்.”

எங்கள் கண்ணெல்லாம் பாய் முகத்துக்குப் போனது.

“பாதியத் தின்னுட்டுப் படுத்துருதுக. மீதியை முகந்துகூடப் பாக்க மாட்டேங்குதுக. விலா எலும்பைக் காணோம். நான் மீதிச் சாக்கை வச்சு என்ன செய்ய?”

“பாதி போதும்னு சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீக? போன்லயே சொல்லியிருக்கலாம்ல” என்றார் பாய், மெதுவாக.

“ஆளைக் காட்டத்தான் வந்தேன்” என்று கோவிந்தன் ஜீப்பைப் பார்த்துக் கை காட்டினார். உள்ளே இருந்து மூன்று பேர் இறங்கினார்கள். மூன்று பேரும் அவரைப் போலவே நாய் வளர்க்கிறவர்கள். “என் நாயைப் பாத்துட்டு, தீனி எங்க வாங்குறன்னு நச்சரிச்சுட்டாக. என் மீதிப் பாதியோட சேத்து இவுகளுக்கும் போடுங்க.”

பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “கொப்பரைல கூழ் காய்ச்சுறவுகளைக் கூப்பிடுங்கம்மா, அவுகளைப் பாத்துட்டுப் போகட்டும்” என்றார். நான் உள்ளே ஓடினேன். சோலையம்மா ஆவிக்கு நடுவில், சேலையை வரிந்து கட்டி, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். விஷயத்தைக் கத்திச் சொன்னேன். அவள் திரும்பவில்லை.

“உக்காரச் சொல்லு மதினி, டீ குடிக்கச் சொல்லு. கொதி வந்துக்கிட்டு இருக்கு. இதை விட்டுட்டு இப்ப எங்கன வர?”